வாடகைக் கார் ஓட்டுநரும் வருமான வரிக் கணக்கும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், தொழில் அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வருமான வரிக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நேற்றைய அரங்கில், நம் கழகத்தின் துணையோடு படித்து ஆசிரியரானவர்களைப் பற்றியும், எழுத்தரானவர்களைப் பற்றியும், வங்கிப் பணியில் அமர்ந்தவர்களைப் பற்றியும் நிறையப் பேசினோம், மகிழ்ந்தோம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்போடோ பட்டப் படிப்போடோ நின்று, உரிமம் எடுத்து, தவணைக்குக் கார் வாங்கி, எவரிடமும் கைகட்டி நில்லாமல் தொழில் நடத்தும் இளைஞர்களைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்களும் நம் கழகத்தின் விளைச்சல்தான். அவர்களை மனத்திற் கொண்டே இந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் பட்டயக் கணக்காளன் அல்லன், வரலாறு படித்தவன். எனினும் தலைமையாசிரியன் என்ற முறையில், எங்கள் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தில் வரிப் பிடித்தம் செய்யும் பொறுப்பு ஆண்டுதோறும் என் தலையில் விழுகிறது. அதனால் இந்தச் சட்டத்தோடு ஓரளவு பழக்கம் உண்டு. சம்பளக்காரருக்கு அலுவலகமே கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்துவிடுகிறது. சொந்தமாகக் கார் ஓட்டுபவருக்கோ அவரே முதலாளி, அவரே தொழிலாளி, அவரே எழுத்தர்.

நம் முன்னோருக்குக் கணக்கே இருந்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணையாளாகவும் படியாளாகவும் உழைத்த நம் பாட்டன்மார் வாங்கிய நெல்லும் பட்ட கடனும் ஆண்டையின் ஏட்டில் ஒழுங்காகவே எழுதப்பட்டு வந்தன. எழுதியவர் அவர், அளந்தவர் அவர், கூட்டிச் சொன்னவரும் அவரே. கைநாட்டு மட்டும் நம்முடையது. ஊர்க் கணக்கும் கர்ணம் வீட்டுப் பரணில் பரம்பரைச் சொத்தாகக் கிடந்தது. 1980ஆம் ஆண்டில் தமிழக அரசு அந்தப் பழைய கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்த பிறகுதான், நம் பிள்ளைகளும் தேர்வு எழுதிக் கிராம நிர்வாக அலுவலராகி அந்த ஏடுகளைப் பரவலாகத் தொட முடிந்தது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று ஒரு பழமொழி சொல்வார்கள். உழுதவன் கணக்குப் பாராமல் இருந்ததனால் எவருக்கு மிஞ்சிற்று என்பதை அந்தப் பழமொழி சொல்வதில்லை.

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக நாம் கொண்டாடுகிறோம். அவர் முதலில் பொருளியல் அறிஞர் என்பதை நம் இளைஞர்கள் மறந்துவிடுகிறார்கள். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய நூல் 1923இலும், பிரித்தானிய இந்தியாவின் மாகாண நிதி வளர்ந்த வகையை ஆராயும் நூல் 1925இலும் வெளிவந்தன. அரசு எவரிடமிருந்து எப்படிப் பணம் வாங்குகிறது, அதனை எங்கே செலவிடுகிறது என்பதை ஆண்டுக் கணக்கில் அமர்ந்து ஆராய்ந்தவர் அவர். அவர் தலைவராக இருந்த வரைவுக் குழு உருவாக்கிய அரசியல் சட்டத்தின் 265ஆம் உறுப்பு, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. ஆதலின் வரி என்பது ஓர் அதிகாரியின் விருப்பு வெறுப்பன்று. எழுதி வைத்த சட்டம். எழுதி வைத்ததைப் படிக்கத் தெரிந்தவன் அஞ்ச வேண்டுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு காலம் நடப்பிலிருந்தது 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம். அதற்கு மாற்றாக 2025ஆம் ஆண்டில் ஒரு புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் முதல் நாள் அதன் தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆகவே எண்களை மனப்பாடம் செய்ய வேண்டா. நமக்கு வேண்டிய விதிகளின் உட்பொருள் பெரிதும் பழையதே.

2025-26 நிதியாண்டு முதல், இயல்பாகப் பொருந்தும் புதிய வரி முறையில், 4 இலட்சம் ரூபாய் வரையுள்ள வருமானத்துக்கு வரி கிடையாது. தொழில் வருமானம் 12 இலட்சத்தைத் தாண்டாதவர்க்குக் கணக்கிட்ட வரி முழுவதும் தள்ளுபடியாகிவிடுகிறது. நான் அறிந்தவரையில், ஒரே கார் வைத்துத் தாமே ஓட்டும் எவரும் செலவெல்லாம் போக ஆண்டுக்கு 12 இலட்சம் மிச்சம் பிடிப்பதில்லை. அப்படியானால் வரி ஒரு காசு கூட இல்லை. பின் எதற்காகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த உரையில் நான் சொல்ல வந்ததே அதற்குரிய விடைதான்.

முதலில் சிறிய காரணம். சில ஓட்டுநர்கள் தம் காரை நிறுவனங்களுக்கு மாத ஒப்பந்தத்தில் விடுகிறார்கள். ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்கு மேல் போனால், ஒப்பந்தத் தொகையில் பொதுவாக நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியாகப் பிடிக்கப்படுகிறது. 6 இலட்சத்துக்கு ஓடினால் 6,000 ரூபாய் பிடிபடும். பான் எண் கொடுக்காதவருக்கு நூற்றுக்கு இருபது! இந்தப் பணம் அரசிடம் உங்கள் பெயரில் கிடக்கிறது. கணக்குத் தாக்கல் செய்தாலன்றி அது திரும்பி வாராது. ஓலா, ஊபர் போன்ற செயலி நிறுவனங்கள் பிடிக்கும் விகிதம் 2024 அக்டோபர் முதல் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. அது பெரிய தொகையன்று.

பெரிய காரணம் வேறு. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன், எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டுநருக்கு வயது 35. தாய், மனைவி, இரு பிள்ளைகள் அவரை நம்பி இருக்கிறார்கள். ஆண்டு முழுதும் ஓடிய மொத்த வாடகை 9 இலட்சம் ரூபாய். அதில் 6 இலட்சம் வங்கி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வந்தது. 3 இலட்சம் ரொக்கம். எரிபொருள், நிறுவனக் கழிவு, கடன் வட்டி, காப்பீடு, தகுதிச் சான்று, டயர், பழுது, வண்டித் தேய்மானம் எல்லாம் போக அவருக்கு நின்றது 3,60,000 ரூபாய். (இங்கே ஒரு வார்த்தை. மாதத் தவணை முழுவதையும் செலவென்று எழுதிவிடாதீர்கள். வட்டி செலவு, அசல் செலவன்று.)

சிறு தொழில் செய்வோருக்குச் சட்டம் ஒரு சலுகை தந்துள்ளது. முறையான பேரேடுகள் இல்லாமலேயே, மொத்த வரவில் வங்கி வழி வந்ததற்கு நூற்றுக்கு 6, ரொக்கத்துக்கு நூற்றுக்கு 8 என்ற விகிதத்தில் இலாபத்தைக் காட்டிவிடலாம். நம் ஓட்டுநருக்கு அது 36,000மும் 24,000மும் ஆக 60,000 ரூபாய். கணினி மையத்தில் அமர்ந்திருப்பவர் அந்த 60,000ஐ எழுதி, முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். ஓட்டுநரும் குறைவாகக் காட்டியதில் கெட்டிக்காரத்தனம் இருப்பதாக எண்ணி வீடு திரும்புகிறார். சட்டம் சொல்வது என்ன? 6, 8 என்பவை கீழ் எல்லை. உண்மை இலாபம் அதற்கு மேல் இருந்தால் மேலதிகத்தைக் காட்டலாம். காட்டுவதே நேர்மையும் ஆகும். 60,000 எழுதினாலும் வரி இல்லை. 3,60,000 எழுதினாலும் வரி இல்லை. அப்படியிருக்க, எதற்காக மாதம் 5,000 ரூபாய்தான் சம்பாதித்தேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்?

அந்தத் தாள் எங்கெல்லாம் பேசும் என்பதைப் பாருங்கள். இரண்டாவது கார் வாங்க வங்கிக்குப் போனால், மேலாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கைத்தான். தாட்கோ வழியாக மானியம் கிடைத்தாலும், கடனைத் தர வேண்டியது வங்கியே. மாதம் 5,000 சம்பாதிப்பவன் எப்படி 15,000 தவணை கட்டுவான் என்று அவர் கேட்டால் அதற்கு விடை கிடையாது. கேள்வியும் நியாயமானதே.

இன்னும் கடுமையான இடம் ஒன்று உண்டு. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆயினும் சொல்கிறேன். சாலையில் பிழைப்பு நடத்துபவனுக்குச் சாலையே ஆபத்து. எதிரே வந்த வண்டியின் பிழையால் ஓட்டுநர் உயிரிழந்தால், அவர் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடுகிறது. 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, சொந்தத் தொழில் செய்த, 40 வயதுக்குட்பட்டவரின் ஆண்டு வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கென நூற்றுக்கு 40 கூட்டுவார்கள். நால்வர் நம்பியிருந்தால் இறந்தவரின் சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கு கழிப்பார்கள். 35 வயதுக்கு அதனை 16ஆல் பெருக்குவார்கள். நம் எடுத்துக்காட்டில் 3,60,000 என்பது 5,04,000 ஆகி, கால் பங்கு போக 3,78,000 ஆகி, 16ஆல் பெருக 60,48,000 ரூபாய் ஆகிறது. அதே மனிதரின் கணக்கில் 60,000 என்றிருந்தால்? 84,000, கால் பங்கு போக 63,000, பெருக்கினால் 10,08,000. மற்றச் சில்லறைத் தொகைகளை விட்டுவிட்டேன். இரண்டுக்கும் இடையே 50 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய், ஒரு கட்டத்தில் நிரப்பிய ஓர் எண்ணால் வந்த வேறுபாடு.

கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு என்ன ஆகும்? தீர்ப்பாயம் கிடைத்த சான்றுகளைப் பார்த்து உத்தேசமாக ஒரு வருமானத்தை வைத்துக்கொள்ளும். கணவர் நாள்தோறும் எவ்வளவு கொண்டுவந்தார் என்று, வெள்ளைச் சேலையில் நிற்கும் அந்தப் பெண்ணைக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பில், வருமான வரிக் கணக்கு சட்டப்படியான ஆவணமாதலால் ஆண்டு வருமானத்தை முடிவு செய்ய அதனை ஆதாரமாகக் கொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. இறந்த பிறகு அவசரமாகத் தாக்கல் செய்யும் கணக்குக்கு அந்த மதிப்பு எளிதில் கிடைக்காது. உயிரோடும் நலத்தோடும் இருக்கும் காலத்தில், ஆண்டுதோறும் வரிசையாக எழுதிவந்த கணக்கே நம்பப்படும்.

இந்த இடத்தில் ஒரு தாய் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் கேட்குமுன் நானே கேட்டுவிடுகிறேன். ‘உண்மை வருமானத்தை எழுதினால் பிள்ளையின் உதவித்தொகை போய்விடாதா, ஐயா?’ தலைமையாசிரியன் என்ற முறையில் இந்தக் கேள்வியை மழுப்ப எனக்கு உரிமை இல்லை. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு, 2021இல் திருத்திய விதிகளிலும் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை இலட்சமாகவே வைக்கப்பட்டது. 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் அதே இரண்டரை இலட்சம். ஆகவே 3,60,000 என்று எழுதுபவருக்கு இழப்பு வரக்கூடும். அதனை இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். தாசில்தாரிடம் வாங்கும் வருமானச் சான்றில் ஒன்றும் வரிக் கணக்கில் மற்றொன்றும் இருக்குமானால், ஒரு நாள் இரண்டையும் ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அன்று தலைகுனிய வேண்டியவன் படிக்கும் பிள்ளையே. மாதம் 21,000 ரூபாய் சம்பாதித்துவிட்டால் ஒரு குடும்பம் பொறியியல் கல்லூரிச் செலவைத் தாங்கும் என்று வைத்திருக்கும் அந்த வரம்புதான் தவறானது. வரம்பை உயர்த்தக் கோரி நம் கழகம் மனுக் கொடுக்க வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்க வேண்டும். காகிதத்தில் நம்மைக் குறுக்கிக்கொள்வதனால் அந்த வரம்பு உயராது. நம் வருமானம் இவ்வளவு, நம் செலவு இவ்வளவு என்று ஐம்பது ஓட்டுநர்களின் உண்மைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவதற்கு ஒரு வலிமை உண்டு.

அடுத்து, தரகர்களைப் பற்றி. எல்லாரையும் குறை சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்வோர் இருக்கிறார்கள். ஆனால் ‘பணம் திரும்ப வாங்கித் தருகிறேன், அதில் பங்கு கொடு’ என்பவரிடம் போகாதீர்கள். கட்டாத காப்பீட்டையும், கொடுக்காத நன்கொடையையும், வாங்காத கடனையும் எழுதிப் பணம் பெற்றுத் தந்த இடைத்தரகர்களைத் தேடி 2025 சூலையில் வருமான வரித் துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. பொய்யை எழுதியவர் தரகராயினும், ‘இது உண்மை’ என்ற உறுதிமொழி உங்கள் பெயரில் இருக்கிறது. இன்னொன்று: பல தரகர்கள் உங்கள் கணக்கில் தம் கைப்பேசி எண்ணையும் தம் மின்னஞ்சலையும் பதிந்து வைக்கிறார்கள். இப்போது துறையின் அறிவிப்புகள் பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே வருகின்றன. உங்களுக்கு வந்த கடிதத்தை அவர் படிக்கிறார், அல்லது படிக்காமலே விடுகிறார். கடவுச்சொல் அவரிடம் இருக்கும் வரையில், பழைய கணக்கேடு வேறு பரணில் இருக்கிறது என்றுதான் பொருள்.

செய்முறை கடினமன்று. துறையின் இணையத்தளத்தில் உங்கள் பான் எண்ணே பயனர் பெயர். உள்ளே சென்றதும் படிவத்தைத் திறக்காமல், 26ஏ.எஸ். என்ற பட்டியலையும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் முதலில் பாருங்கள். உங்களைப் பற்றி அரசுக்கு முன்பே தெரிந்தவை அவற்றில் இருக்கும். கழிவு பிடிக்கும் செயலி நிறுவனம், பயணி கொடுத்த முழு வாடகையை அங்கே காட்டியிருக்கும். உங்கள் வங்கிக்கு வந்ததோ கழிவு போக மீதி. மொத்த வரவு என்ற கட்டத்தில் முழு வாடகையையே எழுத வேண்டும். வங்கிக்கு வந்ததை மட்டும் எழுதினால் இரண்டும் பொருந்தாது. விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும். சில நிறுவனங்கள் கழிவுக்குப் பதிலாக நாட்சந்தா வாங்குகின்றன. அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

நமக்குரிய படிவம் ஐ.டி.ஆர். 4, அதற்குச் ‘சுகம்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். தொழில் வகையில் பயணிகள் தரைவழிப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுங்கள். சரக்கு வண்டி வைத்திருப்பவருக்கு வண்டிக்கு இவ்வளவென்று மாதக் கணக்கில் இலாபம் காட்டும் தனி விதி உண்டு. அது லாரிக்கும் சிறு சரக்கு வண்டிக்கும் உரியது, வாடகைக் காருக்குப் பொருந்தாது. இரண்டையும் குழப்பிய படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே இலாபம் 6, 8 விகிதத்துக்கும் கீழே போன ஆண்டில் மட்டும் வழி வேறு. அப்போது பேரேடும் தணிக்கையும் தேவைப்படலாம். ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள், அதில் வெட்கம் இல்லை. கடைசி நாளை ஆண்டுதோறும் அறிவிப்பைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள். 2025இல் சூலை 31 என்றிருந்தது செப்டம்பர் 15 ஆகி, பின்னர் 16 ஆயிற்று. அனுப்பியதோடு வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் வழியாக வரும் ஒருமுறை எண்ணை இட்டு உறுதிப்படுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் உரிய நாளில் அனுப்பியதாகக் கொள்ள மாட்டார்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்குவோருக்கு: நமக்கு வேண்டிய சொற்கள் இருபதைத் தாண்டா. உங்கள் வீட்டிலேயே பிளஸ் டூ படிக்கும் மகளோ மகனோ இருக்கிறார்கள். வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சியை என்னால் தர இயலாது. ஆனால் பிள்ளை தட்டச்சு செய்ய, தந்தை தேநீர் குடித்துக்கொண்டிருத்தல் கூடாது. பக்கத்தில் அமர்ந்து ஒவ்வோர் எண்ணையும் தந்தையே சொல்ல வேண்டும்.

அதற்கு நாள்தோறும் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். வண்டியின் முன்னறையிலேயே வைத்திருங்கள். ரொக்கம் எவ்வளவு, கைப்பேசியில் வந்தது எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, மற்றச் செலவு எவ்வளவு. நாளுக்கு நாலு வரி போதும். படுக்கப் போகுமுன் எழுதுங்கள். மறுநாள் காலையில் ரொக்கம் மறந்துபோகும்.

வரும் சூன் மாதம் தொடங்கி, ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் நம் கழகப் படிப்பகத்தில் நானும் வணிகவியல் ஆசிரியர் ஒருவரும் இருப்போம். கட்டணம் இல்லை. பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், நோட்டுப் புத்தகம், காப்பீட்டு ரசீது, கடன் கணக்கின் வட்டிச் சான்று ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். அது பழைய எண்ணாக இருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிக்கொண்டு, அடுத்த ஞாயிறு வருவது நல்லது.